பூதிக்கோட்டையில் பிறந்த ஹைதர் அலி

மாரிகுப்பத்தில் ஏறினால் ரயில் பங்காருப்பேட்டையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதற்குத் தெற்கே சில மைல் தொலைவில் இருக்கிறது பூதிக்கோட்டை. ஆங்கிலேயருக்குச் சிம்ம சொப்பனமாக விளங்கிய ஹைதர் அலி பிறந்த ஊர் அதுதான். தங்கவயல் தமிழர்களுக்கு அவர் அண்டை ஊர்க்காரர்.

அவர் பிறந்தது 1720ஆம் ஆண்டு வாக்கில். தந்தை பதே முகம்மது ஒரு படைத்தலைவர். அவர் போரில் மடிந்தபோது ஹைதர் சிறுவன். குடும்பம் கடனிலும் வறுமையிலும் தத்தளித்தது. படிப்பு கிட்டவில்லை. கடைசி வரை எழுதப் படிக்கத் தெரியாமலே வாழ்ந்தார். ஆனால் அபார ஞாபகசக்தியும், ஆளையும் ஆயுதத்தையும் எடைபோடும் கண்ணும் அவருக்கு வாய்த்திருந்தன.

1749ல் தேவனஹள்ளி முற்றுகையில் அவர் காட்டிய துணிவைக் கண்ட மைசூர் அமைச்சர் நஞ்சராஜர், 50 குதிரை வீரர்களையும் 200 காலாட்களையும் அவர் வசம் ஒப்படைத்தார். மறு ஆண்டு செஞ்சி அருகே நிஜாம் நாசர் ஜங் கொல்லப்பட்டார். அந்தக் குழப்பத்தில் பெரும் பணமும் சுமார் 500 துப்பாக்கிகளும் ஹைதரின் ஆட்கள் கையில் சிக்கின. பணத்தைக் கொண்டு ஆள் சேர்த்தார். பிரெஞ்சுப் படையை விட்டு வந்தவர்களைக் கொண்டு அவர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

அக்காலத்தில் நாட்டுப் படைகள் பெரும்பாலும் திரித் துப்பாக்கிகளையே நம்பியிருந்தன. எரியும் திரியால் மருந்தைப் பற்ற வைக்க வேண்டும். மழை வந்தால் திரி அணையும். இரவில் அதன் நெருப்பு எதிரிக்கு இடத்தைக் காட்டிக் கொடுக்கும். நெருங்கி நின்றால் பக்கத்து வீரனின் மருந்துப் பையிலும் தீப்பொறி விழும். ஐரோப்பியர் துப்பாக்கியிலோ சக்கிமுக்கிக் கல் எஃகில் மோதிப் பொறி தட்டியது. வீரர்கள் தோளோடு தோள் நின்று சுடலாம். குழாயின் நுனியில் பயனெட்டைச் செருகிவிட்டால் அதுவே ஈட்டியாகும்.

இந்த வேற்றுமையை ஹைதர் நன்கு உணர்ந்திருந்தார். தம் அண்ணன் மூலம் ஒரு பார்சி வணிகரை அமர்த்தி, பம்பாய் ஆங்கிலேயரிடமிருந்தே துப்பாக்கிகளும் பீரங்கிகளும் வாங்கினார். பல ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த மாலுமிகள் 30 பேரைப் பீரங்கி இயக்க வேலைக்கு வைத்தார். சக்கிமுக்கித் துப்பாக்கியும் பயனெட்டும் தரித்த சிப்பாய்ப் படையை அமைத்த முதல் இந்தியர் என்ற பெயர் அவருக்கு உண்டு.

விலைக்கு வாங்கிய ஆயுதம் பழுதானால் சீர்செய்ய ஆள் வேண்டுமே! 1755ல் திண்டுக்கல் பவுஜ்தாரானதும் பிரெஞ்சுக் கைவினைஞர்களை வரவழைத்து அங்கே ஆயுதச்சாலை அமைத்தார். 1761ல் புதுச்சேரி வீழ்ந்தபின் பிரெஞ்சு வீரர்கள் பலர் அவரை நாடி வந்தனர். அதே ஆண்டு மைசூர் ஆட்சி அவர் கைக்கு வந்தது. 1769ல் சென்னையின் வாசல்வரை சென்று ஆங்கிலேயரை உடன்படிக்கைக்கு இணங்க வைத்தார். நாடிழந்த சிவகங்கை ராணி வேலு நாச்சியாருக்குப் படை உதவி செய்தவரும் அவரே.

1780 செப்டம்பர் 10ந் தேதி காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் பெய்லியின் ஆங்கிலப் படை அடியோடு தோற்றது. மைசூர் படையினர் இரும்புக் குழாயில் மருந்தடைத்து மூங்கிலில் கட்டி ஏவிய ராக்கெட்டுகளும் அன்று களத்தில் பறந்தன. போரின் நடுவே ஆங்கிலேயரின் மருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. ஆனால் 1781 ஜூலை முதல் தேதி பரங்கிப்பேட்டையில் வெற்றி ஆங்கிலத் தளபதி கூட்டின் பக்கம் போயிற்று. எத்தனை நல்ல ஆயுதம் சேர்த்தும், கடல்வழியே எதிரிக்கு வந்த உதவியை ஹைதரால் தடுக்க முடியவில்லை.

இந்தப் போரின் விலையைக் கொடுத்தவர்கள் தமிழ்க் குடியானவர்கள். ஹைதரின் குதிரைப்படை ஆற்காட்டுச் சீமைக் கிராமங்களைத் தீக்கிரையாக்கியது. பஞ்சம் பாதித்தவர்களுக்காகச் சென்னையில் மணியக்காரர் சத்திரம் எழுந்தது 1782ல்தான். வீரத்தைப் போற்றும்போது இதையும் மறைக்கலாகாது.

அதே ஆண்டு டிசம்பர் 7ந் தேதி, சித்தூர் அருகே பாசறையில், முதுகில் தோன்றிய கட்டியால் ஹைதர் காலமானார். உடல் முதலில் வந்து சேர்ந்த இடம் கோலார். தந்தையின் சமாதி அங்கேதான் இருக்கிறது. பிறகே சீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டு சென்றனர். எத்தனையோ ஊர்களில் இருந்து ஆயுதமும் ஆளும் சேர்த்தவர், சில நாட்களேனும் தகப்பனாரின் அருகில், பிறந்த சீமையின் மண்ணில் உறங்கினார்.