விபுலாநந்த அடிகளார்

துறவாவது உலகத் தொழில்கள் யாவற்றையும் விட்டு நீங்குதலே என்று பலருங் கருதுவர். ஆசிரியத் தொழிலை விட்டுத் துறவு பூண்டு, அத்துறவினாலேயே முன்னினுஞ் சிறந்த ஆசிரியராய் விளங்கிய பெரியார் ஒருவர் நம் ஈழநாட்டிலே தோன்றினர். அவரே சுவாமி விபுலாநந்தர். அவர் சரித்திரம் சைவ வித்தியாசாலை ஆசிரியர் யாவருஞ் சிந்திக்கற்பாலதாதலின், அதனை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

அடிகளார் 1892 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27 ஆந் தேதி கிழக்கிலங்கையிலுள்ள காரைதீவிலே, சாமித்தம்பி, கண்ணம்மை என்பவர்களுக்குப் புதல்வராய்ப் பிறந்தார். துறவுக்கு முன் மயில்வாகனனார் என வழங்கப்பெற்றார். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பாதிரிமார் பாடசாலைகளிற் பயின்று, கொழும்பு ஆசிரிய கலாசாலையிலே பயிற்சி பெற்று ஆசிரியராயினார். 1916 இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிற் சித்தியெய்தினார். ஈழத்தவருள் அதனை முதலில் எய்தியவர் இவரே. 1920 இல் இலண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டமும் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயினார்.

பதவியும் ஊதியமும் நன்மதிப்பும் ஒருங்கு வாய்த்த அக்காலத்தே அவற்றை விடுத்து, 1922 இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். பிரபோத சைதன்னியர் என்னும் பிரமசாரியப் பெயருடன் அங்கே பத்திரிகைப் பணி புரிந்தார். 1924 இல் சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்று விபுலாநந்தராயினார்.

இனி அவர் வித்தியாசாலையின் வாயிலை மிதியார் என்று எண்ணினோரும் இருந்திருப்பர். நிகழ்ந்தது வேறு. 1925 இல் ஈழத்துக்கு மீண்ட அடிகளாரிடம் மடத்தார் ஒப்புவித்தது பாடசாலைகளையே. முன்னே ஒரு கல்லூரிக்கு அதிபராயிருந்தவர், பின்னே இராமகிருஷ்ண சங்கத்துப் பாடசாலைகள் பலவற்றைப் பரிபாலிப்பவராயினார். முன்னே வேதனம் பெற்றார்; பின்னே தமக்கென ஒன்றும் வேண்டாது உழைத்தார். சைவப்பிள்ளைகள் தஞ்சமயத்தைக் கைவிடாமலே ஆங்கிலமும் விஞ்ஞானமுங் கற்றல் வேண்டுமென்பது அவர் நோக்கம். 1929 இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே வித்தியாலயம் ஒன்றை நிறுவி, அதற்குத் தங்குருவின் பெயரால் சிவானந்த வித்தியாலயம் எனப் பெயரிட்டார். ஆதரவற்ற சிறுவரையும் அங்கே புரந்தார்.

1931 முதல் 1933 வரை அண்ணாமலைச் சர்வகலாசாலையிலே தமிழ்ப் பேராசிரியராயிருந்தார். இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதியிலிருந்து சங்கத்தின் ஆங்கிலப் பத்திரிகையை நடாத்தினார். 1943 முதல் இலங்கைச் சர்வகலாசாலையிலே தமிழ்ப் பேராசிரியராயமர்ந்தார். இவற்றினிடையே, வழக்கொழிந்த யாழின் இலக்கணத்தைச் சிலப்பதிகாரத்துணையாலும் கணித முறையாலும் பல்லாண்டு ஆராய்ந்தார். தமிழ்ப்பண்டிதரும் விஞ்ஞானப் பட்டதாரியும் ஒருவரேயாய் அமைந்தமையால் அவ்வாராய்ச்சி கைகூடிற்று. அதன் பயனாகிய யாழ்நூல் 1947 ஜூன் மாதத்திலே சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்ச் சிவாலயத்தில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19 ஆந் தேதி அடிகளார் சிவபதமெய்தினார். அவர் திருமேனி சிவானந்த வித்தியாலய வளவிலேயே அடக்கஞ் செய்யப்பெற்றது.

அவர் பரிபாலித்த பாடசாலைகள் 1960 ஆம் ஆண்டினை அடுத்து அரசாங்கத்தின் வசமாயின. பரிபாலனம் மாறலாம், வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரது கடமை மாறாது. ஊதியம் பெறுதல் குற்றமன்று. ஊதியத்தின் அளவே உழைப்பின் அளவென்று கொள்ளுதலே குற்றமாம். அடிகளார் துறந்தது அவ்வெண்ணத்தையே என்பது எம் துணிபு. காவி உடுத்தல் எல்லார்க்கும் இயல்வதன்று. அவ்வெண்ணத்தைத் துறத்தல் ஆசிரியர் ஒவ்வொருவர்க்கும் இயல்வதாம்.