பெட்பர்ட் சிறைவாசி

இங்கிலாந்தில் பெட்பர்ட் நகரையடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில், பாத்திரங்களைப் பழுது பார்த்துப் பிழைத்த ஏழையின் குமாரராக 1628-ம் வருஷத்தில் பிறந்தவர் ஜான் பனியன். கல்வி சொற்பம், தொழிலும் தந்தையின் தொழிலே. வாலிபத்தில் பார்லிமெண்டுப் படையில் சேவகம் செய்தார். விவாகத்திற்குப் பின் அவரது உள்ளத்திலேயே யுத்தம் மூண்டது. தமக்கு மீட்சியில்லை என்ற பயம் பல்லாண்டு அவரை வாட்டியது. அப்பயத்தை வளர்த்தவை பைபிள் வாசகங்கள். முடிவில் அதை அகற்றிச் சாந்தி அளித்தவையும் அவையே.

இரண்டாம் சார்லஸ் மன்னன் அரசேறிய 1660-ம் வருஷத்திலேயே, சட்டத்திற்கு மாறாகப் பிரசங்கம் செய்தாரென்று பனியன் கைதானார். இனிப் பிரசங்கிப்பதில்லை என ஒப்பியிருந்தால் விடுதலை பெற்றிருப்பார். வீட்டிலோ மனைவியும், கண்ணிழந்த மகள் உள்ளிட்ட மக்களும் வாடினர். அம்மகளின் நினைவு அவர் நெஞ்சைப் பிளந்தது. ஆயினும் அவர் இணங்கவில்லை. நாடாக்களுக்கு முனை பொருத்தி விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்; வேதத்தை ஓதித் தம்மைத் தாங்கினார். 12 வருஷங்கள் சென்று 1672-ல் விடுதலையானார்.

1678-ல் வெளிவந்த அவரது நூலே தமிழில் 'மோட்சப் பிரயாணம்' என வழங்குவது. அதனைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். பனியன் 1688-ல் லண்டனில் காலமானார்.

ஒரு சொல்லால் திறந்திருக்கக்கூடிய சிறைக் கதவை, மனச்சாட்சிக்கு விரோதமான அச்சொல்லைக் கூற மறுத்து மூடியிருக்க விட்டவர் அவர். கொள்கையின் பொருட்டுத் துன்பம் ஏற்போர் எம்மதத்தினராயினும், இச்சரித்திரத்தை அறிதல் நலம்.