சொந்தக் காசில் ஒரு பாலம்

தென்காசி, குற்றாலம் பக்கத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு பஸ்ல போறவங்க, நெல்லை ஜங்ஷன் தாண்டினதும் தாமிரபரணியைக் கடப்போம். அந்தப் பாலத்தின் பெயர் சுலோசன முதலியார் பாலம். யாரோ ஒரு அம்மா பேருன்னுதான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். இல்லை, அவர் ஆண். கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக வேலை பார்த்தவர்.

1840 வாக்கில் அங்கே பாலமே கிடையாது. நெல்லையிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகணும்னா படகுதான். படகுத்துறையில் நெரிசல், சண்டை, வெள்ளம் வந்தா அதுவும் கிடையாது. பாலம் கட்ட முடிவானது; கேப்டன் ஹார்ஸ்லி வரைபடம் போட்டார். செலவு சுமார் 50,000 ரூபாய். ஊரில் வசூல் பண்ணலாம்னு நினைச்சாங்க. கடைசியில் முழுச் செலவையும் முதலியாரே ஏற்றுக்கொண்டார். அவர் மனைவி வடிவாம்பாள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்னு ஊரில் இன்னைக்கும் சொல்வாங்க.

1843இல் பாலம் திறந்தது. நீளம் 760 அடி, 60 அடி அகலத்தில் 11 வளைவுகள். மாதிரி, லண்டன் தேம்ஸ் நதியின் வாட்டர்லூ பாலம். 1869 வெள்ளம் நம்ம பாலத்தின் ஒரு பகுதியை அடிச்சுட்டுப் போச்சு. அதைச் சரி பண்ணி மறுபடி ஓடவிட்டாங்க.

வாட்டர்லூ பாலத்தில் தூண்களுக்குக் கீழே ஆற்று நீரோட்டம் மண்ணை அரித்து, தூண்கள் உட்கார்ந்துவிட்டன. 1930களில் அதை இடித்துவிட்டுப் புதுசு கட்டினாங்க. அசல் போய்விட்டது, நம்ம ஊரில் நகல் நிற்குது!

போக்குவரத்து கூடினப்போ நம்ம பாலத்தை அகலப்படுத்தினாங்க. அதுவும் போதாமல், சமீபத்தில் பக்கத்திலேயே புதுப்பாலம் வந்தது. பழசை இடிக்கலை. 180 வருஷம் தாண்டியும் அதுல வண்டி ஓடுது.

சிற்றாற்றிலும் நம்ம மாவட்டத்தின் மற்ற ஆறுகளிலும் பாலங்களுக்கு வயசாகிட்டே இருக்கு. நாளைக்கு அதில் ஒண்ணை மாற்றும் வேலை, நம்மில் ஒரு சிவில் இன்ஜினியர் கைக்கு வரலாம். இடிக்கணுமா, பக்கத்தில் கட்டணுமான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, தூணின் பலத்தோட அதைக் கட்டினது யார்ங்கிறதையும் ஒருதடவை விசாரிச்சுடுங்க.