ஊர் தாங்கிய பள்ளிகள்

காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கத்தில் 1912ஆம் ஆண்டு பிறந்தவர் கல்வியாளர் நெ. து. சுந்தரவடிவேலு. 1954இல் பொதுக் கல்வி இயக்குநராகப் பொறுப்பேற்றார். 1956இல் காமராசர் ஆட்சியில் மலர்ந்த பகல் உணவுத் திட்டத்திற்குத் துணைநின்றார். ஊரார் நன்கொடையால் தொடங்கிய அத்திட்டத்தில், அரசு மானியம் வந்தபின்னும் செலவில் ஒரு பங்கை ஊராரே ஏற்றனர்.

பின்னர் அவர் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஆசிரியர்கள் தம் பள்ளியின் தேவைகளை எடுத்துரைக்க, கட்டடம், இருக்கை, நூல்கள் என மக்கள் மனமுவந்து வழங்கினர். ஏழைச் சிறுவர் கல்வி கற்க ஊரே பெற்றோராயிற்று. 1969 முதல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கிய அப்பெருந்தகை 1993இல் மறைந்தார்.

2022இல் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டமும் அவ்வழியினதே. சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நாம், நமக்கு எழுத்தறிவித்த தொடக்கப் பள்ளிக்கு யாது கைம்மாறு செய்தோம் என எண்ணிப் பார்ப்போமாக!