ஜார்ஜ் ஹர்ஸ்ட்: கியர்பாக்ஸைக் காப்பாத்தின ரெண்டு போல்ட்!

கார் ஓட்டும்போது உங்க இடது கை எங்கே இருக்கும்? ஸ்டீயரிங்ல ஒரு கை, கியர் லிவர் மேல ஒரு கைன்னு ஸ்டைலா ஓட்டுற ஆளா நீங்க? அப்படின்னா இந்தக் கதையை முழுசா படிங்க. உங்க கியர்பாக்ஸ் உங்களுக்கு நன்றி சொல்லும்.

1960-கள்ல அமெரிக்காவுல வேகமான கார் வெச்சிருந்த யாரைக் கேட்டாலும், உள்ளே இருக்கிற கியர் லிவரைப் பத்திப் பேச்சு வந்தா ஒரு பெயர் வந்துடும்: ஹர்ஸ்ட். கார் ஒரு கம்பெனி, இன்ஜினும் அதே கம்பெனி. ஆனா லிவர் மட்டும் ஹர்ஸ்ட். வண்டியோட வந்த லிவரைக் கழட்டிட்டு, தனியாக் காசு கொடுத்து இதை வாங்கி மாட்டுவாங்க. டி வடிவக் கைப்பிடியும், வெள்ளை உருண்டை குமிழும் அந்தக் காலத்து இளைஞர்களுக்கு அவ்ளோ கெத்து. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்தான் ஜார்ஜ் ஹர்ஸ்ட்.

கராஜில் தொடங்கிய கதை

1927-ல் பிறந்தவர் ஜார்ஜ் ஹர்ஸ்ட். இளம் வயதிலேயே அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தார். அங்கிருந்து வெளியே வந்ததும், 1950-களில் பென்சில்வேனியா மாநிலத்தின் ஃபிலடெல்ஃபியா நகருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கராஜ் நடத்தினார்.

அப்போது அமெரிக்க இளைஞர்களைப் பிடித்திருந்த பைத்தியம் ஒன்று உண்டு. எடை குறைந்த பழைய காரை வாங்கி, அதில் வேறொரு காரின் பெரிய இன்ஜினைத் தூக்கி வைப்பது. இன்ஜின் கிடைத்துவிடும், ஆனா அதை உட்கார வைக்கிற மவுன்ட் பொருந்தாது. ஒவ்வொரு காருக்கும் வெட்டி, ஒட்டி, வெல்டிங் அடிக்கணும். ஹர்ஸ்ட் அந்தத் தலைவலியைத்தான் முதலில் கையில் எடுத்தார். பல வகை இன்ஜின்களுக்குப் பொருந்துற மாதிரி மவுன்ட் செய்து விற்றார். பில் கேம்பல் என்பவருடன் சேர்ந்து, ஹர்ஸ்ட்-கேம்பல் என்ற பெயரில் கம்பெனி பிறந்தது. பிறகு வார்மின்ஸ்டர் என்ற ஊரில் அது பெரிய தொழிற்சாலையாக வளர்ந்தது.

பெரிய இன்ஜின் வந்தாச்சு. அடுத்த தலைவலி தானா வந்தது: கியர்.

லிவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில்

பழைய அம்பாசிடர் கார்ல ஸ்டீயரிங்குக்குப் பக்கத்துல கியர் லிவர் இருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அன்றைய அமெரிக்க கார்கள் பலவற்றில் அதே அமைப்புதான். லிவர் மேலே, கியர்பாக்ஸ் கீழே. நடுவில் நீளமான கம்பிகள், வளைவுகள், புஷ்கள். ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் ஆட்டம். வண்டி பழசாக ஆக, அந்தக் கொஞ்சம் எல்லாம் சேர்ந்து பெருசாகிடும். நீங்க மூணாவது கியர் போட்டதா நினைப்பீங்க; உள்ளே கியர் பாதிதான் விழுந்திருக்கும். தொழிற்சாலையிலிருந்தே தரை லிவரோடு வந்த வண்டிகளிலும், அந்த லிவர்கள் பந்தயத்துக்கான முரட்டுக் கையைத் தாங்குற மாதிரி இருக்கவில்லை.

டிராக் ரேஸ்னா கால் மைல், அதாவது சுமார் 400 மீட்டர். நாலு கியர் வண்டியில் மூணே மூணு முறைதான் கியர் மாத்தணும். அதில் ஒண்ணு விழாம நியூட்ரலில் நின்னுட்டா ரேஸ் போச்சு. ஆக்சிலரேட்டர் அழுத்தினபடியே இருக்கும். இழுக்கச் சுமை இல்லாத இன்ஜின் தறிகெட்டுச் சுத்தும். இன்ஜினே போகக்கூட வாய்ப்பு உண்டு.

இப்ப கியர்பாக்ஸுக்குள்ள கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். முன்னோக்கிப் போற கியர்களின் பல் சக்கரங்கள் பெரும்பாலும் எப்பவுமே ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டேதான் சுத்தும். நீங்க கியர் மாத்தும்போது நகர்வது அவை இல்லை. ஸ்லீவ் என்கிற ஒரு வளையம். அந்த வளையத்தைச் சுத்தி ஒரு பள்ளம் இருக்கும். உண்டிவில் கவட்டை மாதிரி ஒரு துண்டு அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அதுதான் ஷிஃப்ட் ஃபோர்க். வளையம் சுத்தும், ஃபோர்க் சுத்தாது. நீங்க லிவரைத் தள்ளினா ஃபோர்க் வளையத்தைத் தள்ளும், கியர் விழும்.

லிவர் ஒரு நெம்புகோல். மேலே உங்க கை கொடுக்கிற விசை, கீழே பல மடங்காகிப் போகும். கியர் விழுந்த பிறகும் நீங்க ஆவேசத்தில் தள்ளிக்கிட்டே இருந்தா, அந்த விசை முழுக்க அந்தச் சின்ன ஃபோர்க் மேலதான் இறங்கும். ஃபோர்க் வளையும், அதன் முனைகள் தேயும். தேய்ஞ்சா என்ன ஆகும்? வளையம் முழுசாப் போய்ச் சேராது. ஆக்சிலரேட்டரை விட்டதும் கியர் தானா வெளியே குதிக்கும். அரைகுறையா மாட்டின பற்கள் முனை மழுங்கும். செலவு அங்கிருந்துதான் ஆரம்பிக்குது.

எங்கே நிற்கணும்னு தெரிஞ்ச லிவர்

ஹர்ஸ்ட் செய்த லிவர், தரையில் கியர்பாக்ஸை ஒட்டி இறுக்கமாக உட்கார்ந்தது. தடிமனான இரும்புக் கம்பிகள், ஆட்டமே இல்லாத இணைப்புகள், குறைந்த தூரத்திலேயே கியர் விழுகிற அமைப்பு. எல்லோரும் வியந்து பேசினது இதைத்தான். ஆனா அவருடைய புகழ்பெற்ற நாலு கியர் ஷிஃப்டரில் கண்ணுக்குத் தெரியாம ஒளிஞ்சிருந்த விஷயம், முன்னால் ஒண்ணும் பின்னால் ஒண்ணுமா ரெண்டு போல்ட்.

அவை தடுப்பு போல்ட்டுகள். கியர் முழுசா விழுந்த இடத்தில் லிவர் இந்த போல்ட் மேல வந்து முட்டி நிற்கும். அதுக்கு மேல நீங்க எவ்வளவு பலம் காட்டினாலும், அது ஷிஃப்டரின் இரும்பு உடம்போட முடிஞ்சுடும். உள்ளே இருக்கிற ஃபோர்க்குக்குப் போகாது. ஓட்டுறவர் எவ்வளவு முரடாக இருந்தாலும், கியர்பாக்ஸுக்கு அளவோடுதான் விசை போய்ச் சேரணும். இதுதான் ஹர்ஸ்டின் கணக்கு.

ஆனா ஒரு நிபந்தனை உண்டு. அந்த போல்ட்டைச் சரியா செட் பண்ணியிருக்கணும். முதலில் லிவரை நியூட்ரலில் வெச்சு, ஷிஃப்டருக்குள்ள இருக்கிற துளை வழியா கால் இன்ச் தடிமனுள்ள ஒரு பின்னைச் செருகணும். கம்பிகள் இழுக்காம, தள்ளாம, தானா வழுக்கிப் போய் உட்கார்ற வரைக்கும் நீளத்தைச் சரி பண்ணணும். பிறகு பின்னை எடுத்துட்டு, கியர் போட்டு அழுத்திப் பிடிச்சபடி போல்ட்டை முட்டுற வரை திருகி, கையை எடுத்துட்டு ஒரு சுத்து பின்னால திருப்பி லாக் நட்டை இறுக்கணும். மூணாவது கியருக்கு முன் போல்ட், நாலாவது கியருக்குப் பின் போல்ட்.

இந்த வேலையைச் சோம்பலில் விட்டவங்களுக்கு ரெண்டு விதமா அடி விழும். போல்ட் ரொம்ப உள்ளே இருந்தா, கியர் முழுசா விழுறதுக்கு முன்னாடியே லிவர் நின்னுடும். ரொம்ப வெளியே இருந்தா, தடுப்பே இல்லாத மாதிரி. ரெண்டிலுமே தேயுறது கியர்பாக்ஸ்தான். பழி மட்டும் ஷிஃப்டர் மேல விழும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. தூரம் குறைஞ்சா வேகமா மாத்தலாம். ஆனா அதே நெம்புகோல் கணக்குப்படி கை விசை அதிகம் தேவைப்படும். சுத்துற வேகத்தைச் சமப்படுத்துற சின்க்ரோ வளையங்களுக்கு வேலை செய்ய நேரமும் குறையும். லிவரை மாத்தினதால கியர்பாக்ஸ் பலமாகிடாது. கிளட்ச்சை முழுசா மிதிக்காம அடிச்சு அடிச்சு மாத்தினா, உலகத்தின் சிறந்த ஷிஃப்டர் இருந்தாலும் அந்த வளையங்கள் தேய்ஞ்சே தீரும்.

பெயர் வாங்கின விதம்

ஹர்ஸ்ட் நல்ல பொருள் செய்தார். அதைவிட நல்லா விற்கவும் தெரிஞ்சவர். தன் ஷிஃப்டருக்கு வாழ்நாள் உத்தரவாதம் கொடுத்தார். பந்தய மைதானங்களுக்கு ரிப்பேர் வண்டியையும் அனுப்பினார். டாக்டர் என்ற பட்டப்பெயரோடு ஜாக் வாட்சன் அங்கே பழுதான ஷிஃப்டர்களுக்கு வைத்தியம் பார்த்தார். லிண்டா வான், ஆளுயரத்தைத் தாண்டிய தங்க நிற லிவரைப் பிடித்தபடி காரின் பின்னால் நின்று மைதானத்தைச் சுற்றி வந்தது அந்தக் காலத்தின் பெரிய காட்சி. பின்பக்கக் கண்ணாடிக்குக் கீழே இன்ஜினை வைத்து, முன் சக்கரங்களைத் தூக்கியபடியே ஓடிய பிளைமவுத் பாராகுடா காரும் ஹர்ஸ்ட் கம்பெனியின் விளம்பரம்தான்.

பெரிய கம்பெனிகளும் வந்தன. 1964-ல் பான்டியாக் ஜிடிஓ வெளியானபோது, தரை லிவர் ஹர்ஸ்ட் செய்ததாக இருந்தது. வெளியே தனியாக வாங்கி மாட்டுற பொருளாக இருந்தது, இப்போது ஷோரூமிலிருந்தே காரோடு வந்தது. 1968-ல் ஓல்ட்ஸ்மொபில் கம்பெனியோடு சேர்ந்து ஹர்ஸ்ட்/ஓல்ட்ஸ் வந்தது. அந்த அளவுள்ள கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸின் சொந்த விதி. ஹர்ஸ்டின் பெயரைச் சேர்த்துக்கொண்டு 455 கன அங்குல இன்ஜினோடு, அதாவது சுமார் 7.5 லிட்டரோடு, அது ரோட்டுக்கு வந்தது. முதல் ஆண்டில் செய்தது வெறும் 515 கார்கள்.

ஆட்டோமேட்டிக் கார்களுக்கும் அவர் ஒரு லிவர் செய்தார். பெயர் டூயல் கேட். ஒரு பள்ளத்தில் வழக்கமான ஆட்டோமேட்டிக். பக்கத்துப் பள்ளத்துக்கு நகர்த்தினா, ஒரு தட்டுக்கு ஒரு கியர். வேகத்தில் எவ்வளவு பலமா தட்டினாலும் லிவர் தவறி நியூட்ரலுக்குப் போகாது. அதே சிந்தனைதான், கவனிச்சீங்களா? ஆணுக்கு ஒரு பக்கம், பெண்ணுக்கு ஒரு பக்கம்னு அதை விளம்பரப்படுத்தினதை இன்னைக்குப் போட்டா மீம்ஸ் போட்டுத் தள்ளிடுவாங்க!

வேகத்துக்குப் பிறகு

பந்தயத்தோடு பழகினவருக்கு விபத்தும் கண்ணில் படும். ஒரு ரேஸில் நொறுங்கிய காருக்குள் சிக்கிய டிரைவரை வெளியே எடுக்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது ஹர்ஸ்டை உறுத்தியது. அன்று மீட்பவர்களிடம் இருந்தது கடப்பாரையும், தீப்பொறி பறக்கிற ரம்பமும். பெட்ரோல் சிந்திக் கிடக்கும் இடத்தில் தீப்பொறி எவ்வளவு ஆபத்துன்னு சொல்லவே வேணாம்.

அவர் ஹைட்ராலிக் அழுத்தத்தில் இயங்கும் ஒரு கருவியை உருவாக்கினார். ரெண்டு இரும்புத் தாடைகளை இடுக்கில் நுழைத்தால், கதவை மெதுவாக, அளவோடு, தீப்பொறி இல்லாமல் விரித்துக் கொடுக்கும். 1970-களில் தீயணைப்பு நிலையங்களுக்குப் பரவிய அந்தக் கருவிக்கு ஜாஸ் ஆஃப் லைஃப் என்று பெயர். உயிர் காக்கும் தாடைகள்! இன்று விபத்து மீட்புக் காட்சிகளில் காரின் கூரையை வெட்டியும், கதவை விரித்தும் ஆட்களை வெளியே எடுக்கிற கருவிகளை நீங்க பார்த்திருப்பீங்க. அந்த வகைக் கருவிகளுக்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் இந்த ஷிஃப்டர்காரர்தான்.

ஆனால் அவருடைய கம்பெனி அதற்குள் அவர் கையை விட்டுப் போயிருந்தது. 1970-ல் மிக்ஸரும் டோஸ்டரும் செய்து வந்த சன்பீம் நிறுவனம் ஹர்ஸ்ட் கம்பெனியை வாங்கியது. தன் பெயரைத் தாங்கிய கம்பெனியில் சொல் எடுபடாமல் ஹர்ஸ்ட் விலகிப் போனார். 1986-ல் கலிஃபோர்னியாவில் இறந்தபோது அவருக்கு வயது 59. லிவரிலும் மீட்புக் கருவியிலும் அவர் பெயர் மட்டும் தொடர்ந்தது.

உங்க வண்டிக்கு

பழைய கார் வாங்கி லிவர் மாத்துற ஆசை இருந்தா, லிவர் வாங்குற அன்னைக்கே அதை செட் பண்ணவும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. கியர் சரியா விழலைன்னா, கியர்பாக்ஸை இறக்குறதுக்கு முன்னாடி புஷ், கம்பி, நியூட்ரல், தடுப்பு போல்ட்னு வெளியே இருக்கிறதை முதல்ல பாருங்க. கியர்பாக்ஸை இறக்குற செலவுக்கு முன்னால ஒரு புஷ்ஷோட விலை ஒண்ணுமே இல்லை.

அந்த இடது கை விஷயத்துக்கு வருவோம். லிவர் மேல சும்மா வெச்சிருக்கிற கையின் எடையும் விசைதான். சுத்துற வளையத்தின் மேல ஃபோர்க் கிலோமீட்டர் கணக்கா உரசிக்கிட்டே வரும். ஹர்ஸ்டின் போல்ட், கியர் விழுந்த இடத்துக்கு மேல தள்ளுற கையைத்தான் தடுக்கும். சும்மா ஓய்வெடுக்கிற கையை நீங்கதான் எடுக்கணும், பாஸ்!