நடிகரின் கையைப் பிடித்த சிறுவன்

கண்டியிலிருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலைக்கு நீங்கள் போயிருக்கக்கூடும். அங்கே களனி கங்கைக் கரையில் சில கொங்கிரீட் அடித்தளங்களைக் காட்டுவார்கள். ‘குவாய் நதிப் பாலம்’ என்ற ஆங்கிலப் படத்துக்காகக் கட்டப்பட்டு, 1957 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட பாலத்தின் எச்சம் அது. நமது பேராதனைப் பூங்காவிலும் அப்படத்தின் சில காட்சிகள் எடுக்கப்பட்டன. அதிலே சிறைப்பட்ட ஆங்கிலக் கேணலாக நடித்து ஒஸ்கார் விருது பெற்றவர் அலெக் கின்னஸ். அவருடைய வாழ்க்கையையே இவ்வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

அவர் 1914 ஏப்ரல் 2ஆம் திகதி லண்டனில் பிறந்தார். பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயருக்குரிய இடம் வெறுமையாக இருந்தது. அவருக்கு ஐந்து வயதானபோது தாயார் ஓர் இராணுவ அதிகாரியை மணந்தார். அம்மனிதரின் முரட்டுத்தனத்தால் அந்த வாழ்வு மூன்றாண்டுகளே நீடித்தது. அவருடைய பெயரையே தன் பெயரென்று எண்ணி வளர்ந்த சிறுவனுக்கு, உண்மைப் பெயர் வேறு என்பது பதினான்காவது வயதிலேதான் சொல்லப்பட்டது. தந்தை யாரென்பது கடைசிவரை உறுதியாகவில்லை.

விளம்பர நிறுவனமொன்றில் வேலை, 1934இல் நாடக மேடை, 1938இல் மெருலாவுடன் திருமணம், போர்க்காலத்தில் கடற்படை என்று நாட்கள் ஓடின. போர் முடிந்தபின் பிரித்தானியாவில் குலப்பெருமையையும் வர்க்க பேதத்தையும் பார்த்துச் சிரிக்கும் படங்கள் பல வெளிவந்தன. அவற்றின் நாயகர்களுள் முதன்மையானவர் கின்னஸ். 1949இல் வெளியான ‘கைன்ட் ஹார்ட்ஸ் அன்ட் கொரனெற்ஸ்’ படத்தில் ஒரே பிரபு குடும்பத்தின் எட்டுப் பேராக, ஒரு சீமாட்டி உட்பட, அவர் ஒருவரே தோன்றினார். (கொலையை வைத்துச் சிரிக்கும் கதை அது. பிள்ளைகளுக்குக் காட்டுமுன் பெற்றோர் பார்த்துவிடுவது நல்லது.) 1952இல் வந்த ‘த கார்ட்’ படத்திலோ அவர் சலவைக்காரப் பெண்ணின் மகன். சீமாட்டி நடத்தும் விருந்துக்குரிய அழைப்புப் பட்டியலில் தன் பெயரையும் தானே எழுதிக்கொண்டு, அங்கே போய் அச்சீமாட்டியுடனேயே நடனமாடுகிறான்! எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று முதலில் விசாரித்துவிட்டே நாற்காலி போடும் நமக்கு இக்கதைகள் அந்நியமானவையல்ல.

ஆனால், ஆள்மாறாட்டக் கதைகளால் புகழ்பெற்ற அவரைத் திருப்பிய ஆள்மாறாட்டம் திரையில் நடந்ததன்று. 1954இல் வெளியான ‘ஃபாதர் பிரவுன்’ படத்துக்காக அவர் பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் இருந்தார். ஒரு மாலை, குருவானவரின் கறுப்பு அங்கியைக் களையாமலே தங்குமிடத்துக்கு இருட்டில் நடந்துகொண்டிருந்தார். முன்பின் அறியாத சிறுவன் ஒருவன் ஓடிவந்து, அவரைச் சுவாமி என்று அழைத்து, கையை இறுகப் பற்றிக்கொண்டு ஓயாமல் பேசியபடி கூடவே நடந்தான். தம் அரைகுறைப் பிரெஞ்சு பிள்ளையைப் பயமுறுத்திவிடுமோ என்று கின்னஸ் வாய் திறக்கவில்லை. சற்றுத் தூரம் சென்றதும் சிறுவன் வணங்கி விடைபெற்று வேலிக்குள் மறைந்துவிட்டான். கத்தோலிக்கக் குருக்களைச் சந்தேகத்தோடு பார்க்கும்படி வளர்க்கப்பட்ட கின்னஸ், ஓர் அங்கியை நம்பி ஒரு குழந்தை அந்நியனின் கையைப் பிடிக்கிறதே என்று வியந்தார். அதே அங்கியை நாள்தோறும் அணிகின்ற நமக்கு இதை எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது.

இன்னொரு சோதனையும் அவருக்கு வந்தது. பதினொரு வயது மகன் மத்தியு இளம்பிள்ளை வாதத்தால் முடங்கினான். படப்பிடிப்பு முடிந்து வீடு திரும்பும் வழியில் ஒரு சிறு கத்தோலிக்க ஆலயத்தில் நுழைந்து அமர்வது கின்னஸின் வழக்கமாயிற்று. மகன் குணமடைந்து, பின்னர் கத்தோலிக்கனாக விரும்பினால் தாம் தடுப்பதில்லை என்று இறைவனோடு பேரம் பேசினார். மகன் எழுந்து நடந்தான். வளர்ந்தபின் அதே விருப்பத்தைத் தந்தையிடம் தெரிவித்தான். கின்னஸ் தமது வாக்கை மறக்கவில்லை. அவரும் 1956 மார்ச் 24ஆம் திகதி திருச்சபையில் சேர்ந்தார்.

மனைவி மெருலாவை அவர் வற்புறுத்தவில்லை. 1957இல் அவர் நம் நாட்டில் படப்பிடிப்பில் இருந்தபோது, அங்கே இங்கிலாந்தில் மெருலா தாமாகவே திருச்சபையில் சேர்ந்துவிட்டு, அதன்பின்னரே கணவருக்கு அறிவித்தார். கின்னஸ் 2000 ஆகஸ்ட் 5ஆம் திகதி காலமானார். அறுபத்திரண்டு ஆண்டுகள் உடன் வாழ்ந்த மெருலா அதே ஆண்டு ஒக்டோபரில் அவரைப் பின்தொடர்ந்தார்.