தேசிங்கும் பாராசாரியும்

கள்ளக்குறிச்சியைத் தன்னுள் கொண்டிருந்த பழைய தென்னார்க்காட்டு மக்கள் போற்றிப் பாடிய வீரன் தேசிங்குராசன். செஞ்சிக் கோட்டையை ஆண்ட இராசபுத்திரனாகிய சொரூப்சிங்கின் மைந்தன் இவன். எவருக்கும் அடங்காத பாராசாரி என்னும் தில்லிக் குதிரையை இளமையிலேயே அடக்கி, அதனையே பரிசாகப் பெற்றான் என்கிறது கதைப்பாடல். அன்று தொடங்கிய பிணைப்பு போர்க்களம்வரை நீண்டது.

ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகான் திறை கேட்டுப் படையெடுத்தபோது, தேசிங்கு பணிய மறுத்தான். பாராசாரிமீதேறி, சில நூறு வீரர்களுடன் பெரும்படையை எதிர்த்தான். நண்பன் மாபத்கானும் மணக்கோலம் களைந்து உடன்வந்தான் என்பர். 1714ஆம் ஆண்டு அக்டோபரில் தேசிங்கு களத்தில் வீழ்ந்தான்.

செஞ்சிக்கு அருகே நண்பனின் சமாதியோடு குதிரையின் சமாதியையும் மக்கள் காட்டுகின்றனர். நாடிழந்த அரசனை நினைப்போர், அவனைச் சுமந்த பரியையும் சேர்த்தே நினைக்கின்றனர்.